கேப்டனைக் கமிட்டி தேர்ந்தெடுக்கும்

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த ஒரு சின்னக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. கொடுமுடியில் நான் படித்த பள்ளியில் விளையாட்டு பீரியட் வந்தால் நிழல் பார்த்து உட்கார்ந்து சயின்ஸ் ரெக்கார்டுக்குப் படம் போடுவோம். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தால் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் தேடுவோம். அப்படிப்பட்டவளைக் கல்லூரியின் விளையாட்டு மேற்பார்வைக் கமிட்டிக்குத் தலைவியாக்கியதற்கு ஒரே காரணம், நான் ஒரு புகார் கொடுத்ததுதான்.

புகார் பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் கிரவுண்டிலிருந்து நேராக என் முதல் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து தூங்கினார்கள். போர்டில் நான் தேவைக் கோட்டை வளைத்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் தலைகள் வளைந்துவிடும். இதைப் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ரொம்ப நல்லதுங்க மேடம். நானே ஒரு கமிட்டி போடோணும்னு நெனச்சுட்டிருந்தேன். தலைமைக்கு ஆள் கெடைக்காம இருந்துச்சு. கடவுளாப் பாத்து உங்களை அனுப்பிருக்கறாரு."

"எனக்கு வெளையாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே சார்."

"அதானுங்க வேணும். தெரிஞ்சவங்க பட்ட பாட்டைத்தான் போன வருசம் பாத்தோமே."

போன வருடம் நடந்தது கல்லூரிக்கே தெரியும். எங்கள் உடற்கல்வி இயக்குநர், எல்லாருக்கும் பி.டி. சார், வாலிபால் பையன்களைத் தெற்கே ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள். மனசு ஆறட்டும் என்று அப்படியே அருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தார். அதற்குள் பெற்றோர்கள் கல்லூரி கேட்டில் கூடிவிட்டார்கள். அன்றிலிருந்து விளையாட்டுத் துறையை ஆசிரியர்கள் கண்காணிக்க வேண்டும் என்ற பேச்சு இருந்துகொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வராமல் இருந்திருந்தால், அதாவது என் மாணவர்களுக்கு, அது பேச்சாகவே முடிந்திருக்கும்.

கமிட்டியில் மூன்று பேர். நான், ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட கணக்குப் பேராசிரியர், அப்புறம் பி.டி. சாரே. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரையும் சேர்த்துக்கொண்டால்தான் கூட்டத்துக்கு அவர் வருவார் என்பது பிரின்சிபாலின் கணக்கு. கணக்குப் பேராசிரியருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. கிரவுண்டு இருக்கும் திசையில் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார். இப்படி விளையாட்டை மேற்பார்வை பார்க்க, அதைப் பார்க்கவே முடியாத ஒருவரும் பார்த்தாலும் புரியாத ஒருத்தியுமாக உட்கார்ந்தோம்.

பி.டி. சாருக்கு நல்ல தொந்தி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். முதல் கூட்டத்தில் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மேடம், இனிமே இதை ஊதறதுக்கும் தீர்மானம் போடோணுங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க சார்."

"இல்லீங்க, கேட்டு வெச்சுக்கறேன். விடியக்காலம் ஊதறதுங்க. அந்நேரத்துக்குக் கமிட்டிக் கோரம் சேருமோ என்னமோ."

அன்று முதல் விஷயமாக எடுத்துக்கொண்டது பெண்கள் கோ-கோ அணியின் உடை. கல்லூரியில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கோ-கோ அணி அதைவிடப் புதுசு. சுடிதாரோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெளியூர் போட்டிக்குப் போகும்போது என்ன உடுத்துவது என்று பி.டி. சார் கேட்டார்.

"சுடிதாரே போட்டுக்கட்டும். துப்பட்டாவை ரெண்டு பக்கமும் பின் குத்திட்டா வெளையாட்டும் ஆச்சு, மரியாதையும் ஆச்சு" என்றார் கணக்குப் பேராசிரியர்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பி.டி. சார் எழுந்து வெளியே போய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் ஆண்டு பி.காம். ஒல்லியான பெண், கணீரென்று குரல். சார் எங்கள் யோசனையைச் சொன்னதும் அவள் துப்பட்டாவை ஒழுங்காகப் பின் குத்திக்கொண்டாள். அறையின் நடுத்தூணைக் காட்டி, "இது போலுங்க" என்றாள். கோ-கோவில் களத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம் இருக்கும், அதைப் போல் என்பார்கள். ஓடி வருகிறவர்கள் அதைப் பிடித்துத்தான் சுழன்று திரும்புவார்கள். அவளும் ஓடி வந்து தூணை ஒரு கையால் பிடித்துச் சட்டென்று சுழன்றாள். துப்பட்டா கணக்குப் பேராசிரியரின் பக்கத்து நாற்காலியில் மாட்டியது. நாற்காலியும் அதன்மேல் இருந்த டிபன் கேரியரும் சரிந்து விழுந்தன.

"சார், இங்க மாட்டுனது நாற்காலிங்க. அங்க ஆளு இருப்பாங்க. கழுத்து இழுத்துக்கும்" என்றாள்.

முழுக்கால் டிராக் பேண்ட், தொளதொள டி-ஷர்ட் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வழிமொழியும்போது கணக்குப் பேராசிரியர் தரையில் கிடந்த இட்லியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த தீர்மானம் நான் கொண்டுவந்தது. அதுவரை அணித் தலைவர்களை பி.டி. சார் தனியாகத்தான் முடிவு செய்வார். தனக்குப் பிடித்த பையனைப் போடுகிறார் என்று முணுமுணுப்பு இருந்தது. முற்றுரிமை கெடுதல் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான், சும்மா இருக்க முடியுமா? "இனி கேப்டனைக் கமிட்டியே தேர்ந்தெடுக்கும்" என்று எழுதினேன். ஒருவர் கையில் அதிகாரம் குவியக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தேன். எனக்கே அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. உடனே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, கோ-கோவுக்குத் தூணைச் சுற்றிய பெண்ணையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்தோம்.

"நானும் இந்தப் புள்ளையத்தான் சொல்லியிருப்பேன். என்ன, டீயும் போண்டாவும் கெடச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு பி.டி. சார் விசிலை மாட்டிக்கொண்டு போனார்.

தலைவியாகிவிட்டபடியால் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். முதலில் கடமைக்குத்தான். உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர், துரத்தும் ஒருத்தி, துரத்துகிறவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்று கத்தினால் இவள் எழுந்து ஓட வேண்டும், அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. கேப்டன்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் அப்பா ஒரு பம்ப் கம்பெனியின் ஃபவுண்டரியில் மண் அச்சு பிடிக்கும் மோல்டர். அதற்கு முன்னால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைத்தால், "சர்ச்சு முடிச்சுட்டு வாரேன் மிஸ்" என்பாள். வந்த பிறகு அவள் போடும் சத்தத்தில் பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு குருவி உட்காராது.

அணியில் நன்றாகப் பாய்ந்து விழுகிறவள் என் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த பெண். அவளை எனக்கு வகுப்பில் தெரியும், தூங்குகிறவர்களில் ஒருத்தி. அவள் அப்பா பண்ணையக்காரர். தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, ஒரு நூல் மில்லில் பங்கு, இவற்றோடு எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் உறுப்பினர். மகள் வீட்டில் கோ-கோ என்று சொல்லவில்லை, காலையும் சாயங்காலமும் எக்ஸர்சைஸ் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒரு நாள் அவர் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர், சத்தம் கேட்டு கிரவுண்டுப் பக்கம் வந்துவிட்டார். அன்றைக்குப் பக்கத்துக் கல்லூரியோடு நட்பு ஆட்டம். அவர் வேலியோரம் வந்து நின்ற அதே நேரத்தில் அவர் மகள் அந்தரத்தில் பறந்து, எதிரணிப் பெண்ணின் குதிகாலைத் தொட்டுவிட்டு, வயிறு தேயத் தரையில் விழுந்தாள். அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி! எம்பட புள்ளையப் படிக்க வெக்கத்தானுங்க அனுப்புனேன். மண்ணுல போட்டுப் பொரட்டறீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துவிட்டு, எழுந்த இடத்திலேயே சிலையாகிவிட்டாள். கேப்டன் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினாள். "ஏ புள்ள, என்ன வேடிக்கை! ஓடு, கோ குடு!"

அவள் ஓடினாள். அப்பா என்னிடம் கேட்ட கேள்வியை மறந்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தார். முடியும் வரைக்கும் நகரவில்லை. நடுவில் ஒருதரம், "அந்தப் பக்கம் போறா பாரு, புடி!" என்று கையை நீட்டிக் கத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். கிளம்பும்போது கேட்டார்.

"இதுல பெரியாளு யாருங்க?"

"பெரியாளுன்னா?"

"அதானுங்க, தலைவரு."

கேப்டனைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்தார். "யாரு ஊட்டுப் புள்ள?" என்றார். சொன்னேன். "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்தை அவர் சொன்ன விதத்தில் எனக்கு அடுத்த வாரம் நடக்கப்போவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அடுத்த வாரம் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"அவருக்கு ஒரு சின்ன ஆசைங்க மேடம். புள்ள இவ்வளவு நல்லா ஆடுது, கேப்டனாவும் இருந்தா ஊர்ல சொல்லிக்கலாம்கறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'நம்ம காலேஜ்ல அதெல்லாம் நான் முடிவு பண்றதில்லீங்க, பி.டி. சாரும் பண்றதில்ல, கமிட்டி இருக்குது'ன்னு சொல்லிப்போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "கமிட்டி செஞ்சா யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது பாருங்க. நல்ல ஏற்பாடுங்க மேடம் நீங்க பண்ணுனது."

நான் கட்டிய வீட்டை அடுத்தவர் வந்து பார்த்துப் பாராட்டியது போல இருந்தது. அதிகாரம் குவியக் கூடாது என்று எழுதியிருந்தேனே தவிர, அதை யாரும் வந்து அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று எழுதவில்லை.

கமிட்டி கூடியது. கணக்குப் பேராசிரியர் சிக்கலே இல்லை என்றார். "ரெண்டும் நம்ம புள்ளைங்கதான். யாரு கேப்டனா இருந்தா என்ன? ஓடறது எல்லாருந்தானுங்களே."

பி.டி. சார் போண்டாவைத் தொடவில்லை. அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். கிரவுண்டை மட்டம் பண்ண நிர்வாகக் குழுவிடம் அவர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார், பண்ணையக்காரர் மனசு வைத்தால் ஒரே நாளில் முடியும்.

"மேடம், நான் ஆளப் பாத்து கேப்டன் போடறேன்னுதானுங்க இந்தக் கமிட்டியே வந்துச்சு" என்றார். "நெசந்தான், பாத்தேன். எவன் நல்லா ஆடுவான், எவன் பேச்சைப் பத்துப் பேரு கேப்பான்னு பாத்தேன். இப்ப நீங்க அப்பன் யாருன்னு பாத்துப் போடச் சொல்றீங்க. போடுங்க. எங்கையெழுத்து இருக்காது."

நான் பி.டி. சார் பக்கம் கை தூக்கினேன். ஒன்றுக்கு இரண்டு. முடிவை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு நான் நடந்த நடை இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி நடந்ததில்லை. பிரின்சிபால் முழுவதும் கேட்டார். தலையாட்டினார்.

"நல்ல விவாதங்க. ரொம்ப ஆரோக்கியமா நடந்திருக்குது. ஆனா பாருங்க, கமிட்டி ஆலோசனைதானுங்களே சொல்லும்?"

சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் புது கேப்டன் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'கமிட்டியின் ஆலோசனைக்குப் பின்' என்று ஆரம்பித்தது. அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

புது கேப்டன்தான் முதலில் என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு இது வேண்டாங் மிஸ். எங்கப்பாகிட்டச் சொல்லிப் பாத்தேன். 'உனக்கு என்ன தெரியும் கண்ணு'ங்கறாரு. இனி அக்கா மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

அக்கா என்றது பழைய கேப்டனை. அவளைக் கூப்பிட்டு விட்டேன். அழுதுகொண்டு வருவாளென்று, சொல்ல வேண்டிய ஆறுதலையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் சாதாரணமாக வந்து நின்றாள்.

"அவளே இருக்கட்டுங் மிஸ். போர்டுல பேரு, டாஸ் போடறது, கை குடுக்கறது, இதெல்லாம் அவ பாத்துக்கட்டும். கத்தறது நான் கத்திக்கறேன். கத்தாட்டி பெருந்துறைப் போட்டில தோத்துருவோம்."

"உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"கமிட்டிதானுங்களே மிஸ் முடிவு பண்ணுச்சு?" என்றாள். கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடந்ததை விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விசில் சத்தம் கேட்டு ஓடிவிட்டாள்.

பெருந்துறையில் ஒரு கல்லூரி மைதானத்தில் மண்டலப் போட்டி. நாங்கள் கல்லூரி வேனில் போனோம். பண்ணையக்காரர் ஜீப்பில் வந்தார். பின்னால் இரண்டு மூட்டை இளநீர், கூடவே மச்சான், பங்காளி என்று சொந்தபந்தம். டாஸ் போடும்போது மகள் முன்னால் போய் நின்றதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அவள் டாஸில் ஜெயித்தாள். உடனே திரும்பி, "அக்கா, தொரத்தறதா, ஓடறதா?" என்று சத்தமாகக் கேட்டாள். அக்கா விரலால் ஜாடை காட்டினாள்.

ஆட்டம் முழுக்க அப்படியே நடந்தது. பழைய கேப்டன் உட்கார்ந்த இடத்திலிருந்து, "போலுக்கு விடாதே! இங்க குடு! பாய்டீ இப்ப!" என்று கத்த, மற்றவர்கள் அவள் குரலுக்கு ஓடினார்கள். என் பக்கத்தில் நின்ற பண்ணையக்காரருக்கு ஏதோ உறுத்தியது.

"ஏனுங்க அம்மணி, கேப்டன்னா அவதான சத்தம் போடோணும்? அந்தப் புள்ள எதுக்குப் போடுது?"

"கேப்டன் வெளையாட்டுல கவனமா இருக்கோணும்னு, சத்தம் போடற வேலைய அந்தப் புள்ளைக்குக் குடுத்திருக்குதுங்க" என்றேன்.

யோசித்தார். "ஓ, மேஸ்திரி மாதிரிங்களா?"

"அப்புடித்தான் வெச்சுக்கோங்களேன்."

"அப்பச் செரி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெண் கத்துவது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. பார்க்கப்போனால் அவள் கத்தாமல் இருந்தபோது, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கவலைப்பட்டார்.

இப்படிப் பெயருக்கு ஒரு கேப்டனும் குரலுக்கு ஒரு கேப்டனுமாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் வருடா வருடம் கோப்பை வாங்குகிற கல்லூரி. கடைசிச் சுற்றில் நாங்கள் துரத்துகிறோம், கிட்டத்தட்ட சமமாக வந்துவிட்டோம். எங்கள் பண்ணையக்காரர் மகள் பாய்ந்து ஒருத்தியைத் தொட்டாள். கூட்டம் எழுந்துவிட்டது. நடுவர் விசில் ஊதி, நடுக்கோட்டைக் காலால் தொட்டுவிட்டாள், அவுட் செல்லாது என்றார். பழைய கேப்டன் எழுந்து அவரிடம் ஓடினாள்.

"தொடலீங் சார்! நான் பாத்துட்டுத்தான இருந்தேன்!"

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு? கேப்டன் வந்து பேசட்டும். நீ போய் உக்காரு."

அவள் நின்றாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பினாள். அதுவரை தரையில் கிடந்த பண்ணையக்காரர் மகள் எழுந்து, முழங்கை ரத்தத்தோடு நடுவரிடம் வந்தாள்.

"சார், அவங்கதான் கேப்டன். அவங்க சொல்றதக் கேளுங்க."

"பேப்பர்ல உம்பேருதான இருக்குது?"

"பேப்பர்ல இருக்குதுங் சார். நான் கேப்டன் இல்லீங்."

வேலியோரம் நின்ற இளநீர்க் கூட்டம் பண்ணையக்காரரைத் திரும்பிப் பார்த்தது. நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். "யாருப்பா இந்த டீமுக்குப் பொறுப்பு? யாரு உங்க கேப்டன்?"

பி.டி. சார் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "கமிட்டித் தலைவி இருக்கறாங்க சார், அவங்களைக் கேளுங்க" என்றார்.

என் ஒரு பக்கம் பண்ணையக்காரர் நிற்கிறார். தோளில் துண்டு, கையில் குடிக்காத இளநீர். நான் அவரைப் பார்க்காமல் கையை நீட்டிப் பழைய கேப்டனைக் காட்டினேன். "அந்தப் புள்ளதானுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர், "என்ன?" என்றார். இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நடுவர் தலையில் அடித்துக்கொண்டு கேப்டனைக் கூப்பிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டு, கோட்டைத் தொட்டது தொட்டதுதான் என்றார். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும் நேரத்தில் பண்ணையக்காரர் ஜீப் பக்கத்தில் நின்று, "வண்டில ஏறு கண்ணு" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் கேட்காதவள் போல வேனில் ஏறி, கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இளநீர் மட்டும் வேனில் ஏறியது.

எனக்கு மெமோ வரும், கமிட்டி கலைக்கப்படும் என்று காத்திருந்தேன். இரண்டாவதை உள்ளூர ஆவலோடுதான் எதிர்பார்த்தேன். மெமோவுக்குப் பதிலாகப் பண்ணையக்காரரே துறை அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தும் உட்காராமலும் நாற்காலி நுனியில் இருந்தார்.

"ஊட்டுல புள்ள பேசமாட்டேங்கறாங்க" என்றார்.

"யாருங்க?"

"எம்மகதானுங்க. சோறு போட்டா திங்கறா. கேட்டா பதில் இல்ல. அவங்கம்மாகிட்டப் பேசறா, மாட்டுகிட்டப் பேசறா, என்கிட்டத்தான் இல்ல. போர்டுல இருக்கறத மாத்துனாத்தான் பேசுவாளாமா."

"மாத்தீர்லாங்க. நீங்க பிரின்சிபால்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

"அதெப்புடீங்க அம்மணி, நானே போயிக் கேட்டுப்போட்டு, நானே போயி வேண்டாம்ங்கறது?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "கமிட்டி இருக்குதுல்லீங்க. நீங்களாக் கூடி, அந்தப் புள்ளதான் இருக்கோணும்னு கொஞ்சம் கறாராச் சொல்லிப்போடுங்க. கமிட்டி சொன்னதுக்கு அப்பறம் நான் என்ன பண்ண முடியும்?"

"நாங்க ஏற்கெனவே அப்புடித்தானுங்க சொன்னோம்."

"அப்படீங்களா?" என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு. "என்கிட்ட யாரும் சொல்லலீங்களே."

மறுபடி கூடினோம். ஏற்கெனவே எடுத்த முடிவையே எடுத்தோம். இந்தத் தடவை கணக்குப் பேராசிரியரும் கை தூக்கினார், கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். பிரின்சிபால் வாங்கிப் பார்த்துவிட்டு, "கமிட்டி முடிவுதானுங்க இறுதி. அதுல நான் தலையிடறதே இல்ல" என்றார். போர்டில் புது நோட்டீஸ் வந்தது. பண்ணையக்காரர் போகிற இடமெல்லாம், "இந்தக் காலேஜுல வாத்தியாருங்க யாருக்கும் பணிய மாட்டாங்கப்பா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று கேள்விப்பட்டேன். மகள் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாம் இடம் வந்ததால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் வாய்ப்பு இருந்தது. கோயமுத்தூரிலேயே நடந்தது. முறையான கேப்டன், முறையான டாஸ், எல்லாம் நியாயப்படி. முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி. எதிரணிப் பெண்களை எங்களால் தொடவே முடியவில்லை. கேப்டனின் தொண்டை கட்டியிருந்தது என்றார் பி.டி. சார். ஆண்டு விழா அறிக்கையில், 'மேற்பார்வைக் கமிட்டியின் அயராத வழிகாட்டுதலால் மகளிர் அணி மண்டல அளவில் இரண்டாம் இடம் பெற்றது' என்று படித்து எனக்கும் கணக்குப் பேராசிரியருக்கும் சால்வை போர்த்தினார்கள். அவர் அதுவரை கிரவுண்டுக்கு வந்ததேயில்லை.

பண்ணையக்காரர் அணிக்கு விருந்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குப் போனோம். பெரிய வீடு, முன்னால் வாசல், வாசலுக்கு அந்தப் பக்கம் மாமரம். மாமரத்தடியில் எல்லாருக்கும் இலை போட்டிருந்தது. பிரின்சிபாலுக்கும் அங்கேதான், எனக்கும் அங்கேதான், அவர் மகளுக்கும் அங்கேதான்.

"ஊட்டுக்குள்ள புழுக்கமா இருக்குதுங்க. வெளிய காத்தாட இருக்கும்" என்றார். அது தை மாசம், உள்ளேயும் புழுக்கம் இருக்க நியாயமில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற சங்கடம் வராமல் பிரின்சிபால் உட்பட அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டார். ஒரு விதத்தில் எங்கள் கமிட்டி எடுத்த எந்த முடிவையும்விட அது சாமர்த்தியமான முடிவு. மகள் அதைக் கவனித்தாள். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தவள், கேப்டனையும் கையைப் பிடித்து இழுத்தாள். கேப்டன், "நீ போயிட்டு வா புள்ள, எனக்குக் கால் வலிக்குது" என்று எழுந்திரிக்க மறுத்துவிட்டாள்.

விருந்து அருமை. பண்ணையக்காரரே குழம்பு வாளியோடு வரிசையில் வந்தார். கேப்டன் இலைக்கு முன்னால் நின்று, முதல்முறையாக அவளிடம் நேரடியாகப் பேசினார்.

"ஏங்கண்ணு, நெசத்தச் சொல்லு. அன்னிக்கு எம்பட புள்ள கோட்டைத் தொட்டாளா, இல்லியா?"

"தொட்டாளுங்."

"அப்பறம் எதுக்கு அந்த ஆளுகிட்டப் போயி அந்தச் சத்தம் போட்டே?"

"நம்ம பக்கம் பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்கல்ல."

அவர் சிரித்துவிட்டார். இன்னொரு கரண்டி ஊற்றினார்.

திரும்பும் வேனில் கேப்டன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் வாழை இலைப் பொட்டலம் ஒன்று, கச்சாயமும் லட்டும் என்றாள். பண்ணையக்காரர் வீட்டு அம்மா எல்லாருக்கும் கொடுத்தனுப்பியதுதான். ஆனால் மற்றவர்கள் அதை வேன் கிளம்பிய உடனே பிரித்துத் தின்றுவிட்டார்கள். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்குங் மிஸ். கல்யாணத்துக்கு முன்னால இந்தத் தோட்டத்துலதான் வாழைக்கு மண்ணு அணைச்சுட்டு இருந்தாராமா. அந்த மாமரத்தத் தாண்டி உள்ள வந்ததில்லைன்னு சொல்லுவாரு."

"குடு, சந்தோசப்படுவாரு."

அவள் பொட்டலத்தின் நாரை இறுக்கிக் கட்டினாள்.

"பெரியநாயக்கன்பாளையத்துக் கடைல வாங்குனதுன்னு சொல்லித்தானுங் மிஸ் குடுக்கோணும். எங்கிருந்துன்னு தெரிஞ்சா திங்க மாட்டாரு."